ஆறாத புண்ணில் காளான் தூள் போடலாமா?

கேள்வி: என் வயது 54. பல வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஆறு வாரமாகியும் மூடவில்லை. வலி இல்லை. கனோடெர்மா காளான் கேப்சூலைப் பிரித்துத் தூளைப் புண்ணில் போட்டால் சீக்கிரம் ஆறும், உள்ளுக்கும் சாப்பிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தூளைப் புண்ணில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் சலைன் ஊற்றிக் கழுவிவிட்டு மேலே படியுங்கள்.

நண்பர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். காளான்களின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற பொருள் இருக்கிறது. செத்த திசுவையும் கிருமியையும் விழுங்கும் நம் வெள்ளணுக்களை அது தூண்டிவிடும். புண் ஆறுவதற்கு அந்த அணுக்கள் ரொம்பவே முக்கியம். கனோடெர்மா சாற்றையும் சிங்கப்பிடரிக் காளான் சாற்றையும் எலிகளின் புண்ணில் தடவிப் பார்த்திருக்கிறார்கள், சீக்கிரம் மூடியிருக்கிறது.

ஆனால் எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று உண்டு. அது ஓரங்களை இழுத்துச் சேர்ப்பதால், எலிப்புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிவிடும். உங்கள் உள்ளங்காலில் அப்படி நடக்காது. அடியிலிருந்து புதுத் திசு வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் படர்ந்து வர வேண்டும். மனிதர்களின் ஆறாத புண்ணுக்கு இதை எழுதிக் கொடுக்கும் அளவுக்கு ஆய்வுகள் இன்னும் வரவில்லை. தவிர, கேப்சூலில் இருப்பது வயிற்றுக்காக அரைத்த தூள். புண்ணில் வைக்கும் அளவுக்குக் கிருமி நீக்கியது அல்ல. 1928-இல் ஃபிளெமிங் கண்ட பென்சிலினும் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். அதற்காகப் பூஞ்சையை அப்படியே புண்ணில் அப்புவதில்லையே!

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது 'வலி இல்லை' என்ற வரிதான். உள்ளங்காலில் ஆறு வாரமாகப் புண் இருந்தும் வலிக்கவில்லை என்றால், அங்கே நரம்பு மரத்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். வலிக்காததால் நீங்கள் அதே இடத்தை ஊன்றி நடந்துகொண்டே இருப்பீர்கள். புண்ணைச் சுற்றி வெளுத்து, தடித்து, வளையம் போல் காய்ப்பு இருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தில் எடை விழுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கே எடை விழுந்துகொண்டே இருக்கும்வரை எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

நான்கு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் இந்த வாரமே போங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு, கணுக்காலில் ரத்த அழுத்தம், நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி, ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுக்கலாம். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் காய்ப்பை பிளேடால் சீவிவிட்டு, அந்த இடத்தில் எடை விழாதபடி மாவுக்கட்டோ தனி பூட்ஸோ போடுவார்கள். வாரக்கணக்கில் அசையாத புண் அதற்கப்புறம் மூடத் தொடங்குவது சாதாரணமாக நடப்பதுதான். புண்ணைக் காயவைக்கவும் வேண்டாம். மிதமான ஈரத்தில்தான் தோல் வேகமாகப் படரும் என்று 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் காட்டிவிட்டார். தூள் போட்டால் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகி, அடியில் சீழ் இருப்பதே தெரியாமல் போகும்.

உள்ளுக்குச் சாப்பிடுவது பற்றி: ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கனோடெர்மா ரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். அதன் தூளைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. வேண்டாம். காளானைச் சமைத்துச் சாப்பிடுவதில் தடையில்லை, நன்றாக வேகட்டும். ஷீட்டாக்கே காளானை அரைவேக்காட்டில் தின்ற சிலருக்குச் சாட்டையடி பட்டது போல உடம்பெல்லாம் சிவப்புக் கோடுகள் வரும்!

டாக்டரைப் பார்க்கும்வரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்போ ஷூவோ போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்; ஒரு சின்னக் கல் போதும். சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.