நாடுகள் ஒன்றாக இணையும்போது உள்ளே இருப்பவர்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் என்ன சிக்கல் வருகிறது?

ஐரோப்பிய ஒன்றியம் போல நாடுகள் அரசியல்ரீதியாக இணையும்போது உறுப்பு நாடுகளும் அண்டை நாடுகளும் என்ன சிக்கல்களைச் சந்திக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். உறுப்பு நாடுகளின் கஷ்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்களின் பாட்டை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போலந்து–உக்ரைன் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 வரை உக்ரைன்காரர்கள் விசா இல்லாமல் போலந்துக்குப் போய்வந்தார்கள். போலந்து 2004 மே 1 அன்று ஒன்றியத்தில் சேர இருந்தது. அதற்கு முன்னேற்பாடாக 2003 அக்டோபரிலேயே உக்ரைன்காரர்களுக்கு விசா கட்டாயமாகிவிட்டது. 2007 டிசம்பரில் போலந்து, தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத நாடுகளின் ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்ததும் மேற்கே ஜெர்மனிப் பக்கம் சோதனைச் சாவடிகள் மறைந்தன, கிழக்கே கெடுபிடி இன்னும் இறுகியது. உக்ரைன்காரர்கள் மறுபடி விசா இல்லாமல் போய்வர 2017 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் விசா கட்டாயமானபோது உக்ரைன் எதையும் மாற்றியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்தார், அவ்வளவுதான். இணைப்பு எல்லையை அழிப்பதில்லை, வெளியே தள்ளிவைக்கிறது என்று எனக்குப் புரிந்தது இந்த எல்லையைப் பற்றிப் படித்தபோதுதான்.

அதே எல்லையில் உறுப்பு நாட்டின் வலியையும் பார்க்கலாம். 2022இல் போர் தொடங்கியதும் போலந்து மக்கள் லட்சக்கணக்கான உக்ரைன் அகதிகளைத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். ஒன்றியம் உக்ரைனின் விளைபொருட்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. கருங்கடல் வழி தடைப்பட்டதால் தானியம் தரை வழியாக வந்து பக்கத்து நாடுகளில் தேங்கியது, விலை சரிந்தது. 2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகள் தாங்களாகவே இறக்குமதிக்குத் தடை போட்டன. வணிகக் கொள்கை ஒன்றியத்தின் கையில் இருக்கிறது, தனி நாடு அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் நஷ்டப்பட்ட விவசாயி ஓட்டுப் போடுவது தன் நாட்டு அரசாங்கத்துக்கு. முடிவு ஓரிடத்தில் எடுக்கப்படுகிறது, கோபம் வேறோர் இடத்தில் வந்து விழுகிறது. அந்த விவசாயிகளைக் குறுகிய மனம் கொண்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நார்வேயின் நிலை வேறு. 1972, 1994 என இரண்டு முறை வாக்கெடுப்பு வைத்து, சேரமாட்டோம் என்றார்கள். ஆனாலும் சரக்குகள் தடையின்றிப் போய்வரும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையில் பங்கு வேண்டும் என்பதற்காக அதன் விதிகளை ஏற்கிறார்கள், பணமும் தருகிறார்கள். அந்த விதிகளை எழுதும் இடத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. தெரிந்தே ஏற்றுக்கொண்ட நிலை இது, வசதியான நாடு, தாங்கிக்கொள்கிறது.

சரி, உள்ளே இருப்பவர்களுக்கு வருவோம். பல விஷயங்களில் 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் சேர்ந்தால் முடிவெடுக்கலாம். வெளியுறவு, வரி, புதிய உறுப்பினர் சேர்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். 8 கோடிக்கு மேல் மக்கள் கொண்ட ஜெர்மனியோடு மால்டா போன்ற ஒரு குட்டி நாடு சமமாக உட்கார முடிகிறதென்றால், அதற்கு இந்த வீட்டோ, அதாவது ஒருவர் மறுத்தாலே முடிவைத் தடுக்கும் உரிமை, ஒரு பெரிய காரணம். அதைக் குறைசொல்வது சுலபம், அதன் அருமை சின்ன நாட்டுக்குத்தான் தெரியும். ஆனால் அதே ஏற்பாடு, விதியை மீறும் உறுப்பினருக்கும் கவசமாகிவிடுகிறது. ஓர் உறுப்பு நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க வேண்டுமானால், அந்த நாட்டைத் தவிர மற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நீதித்துறையின் சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி தொடர்பாக 2017இல் போலந்து மீதும் 2018இல் ஹங்கேரி மீதும் அந்த நடவடிக்கை தொடங்கப்பட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவோம் என்றார்கள், விஷயம் நகரவே இல்லை. சேரும்வரை ஆயிரம் பரீட்சை, சேர்ந்த பிறகு கேட்க ஆளில்லை என்ற நிலை அது. அப்புறம்தான் நிதியை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்து, 2022 டிசம்பரில் ஹங்கேரிக்கான சுமார் 630 கோடி யூரோவைப் பிடித்துவைத்தார்கள்.

உள்ளே இருப்பவரின் வீட்டோவும் வெளியே நிற்பவரின் காத்திருப்பும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் வட மாசிடோனியா. எனக்கு மனம் கனக்கும் கதை இது. சுமார் 18 லட்சம் மக்கள் வாழும் நாடு. 2005 டிசம்பரிலேயே ஒன்றியத்தில் சேர வேட்பாளர் தகுதி கிடைத்தது. 'மாசிடோனியா' என்ற பெயர் எங்கள் நாட்டின் ஒரு பகுதிக்கு உரியது என்று கிரேக்கம் பல வருடம் தடுத்தது. கடைசியில் 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் போட்டு, 2019 பிப்ரவரியில் நாட்டின் பெயரையே மாற்றினார்கள். ஒரு நாடு தன் பெயரை விட்டுக்கொடுப்பதற்கு மேல் என்ன தர முடியும்? அதே ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ், சேர்க்கும் முறையை முதலில் திருத்துவோம் என்று பேச்சுவார்த்தையைத் தடுத்தது. 2020 நவம்பரில் பல்கேரியா எழுந்தது. உங்கள் மொழி எங்கள் மொழியின் ஒரு வடிவம், வரலாற்றிலும் எங்கள் பங்கை ஒப்புக்கொள்ளுங்கள் என்றது. 2022இல் வட மாசிடோனியாவில் வாழும் பல்கேரியர்களை அந்நாட்டு அரசியலமைப்பில் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வழி திறந்தது.

நீதிமன்றம், ஊழல், பொருளாதாரம் பற்றிக் கேட்டால் ஒரு நாடு உழைத்துச் சரிசெய்யலாம். உன் மொழி எது, உன் முன்னோர் யார் என்று கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? இறுதியில் சேர்த்துக்கொள்ளும்போது எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும் என்பது நியாயம். இடையில் வரும் ஒவ்வொரு படிக்கும் ஒற்றை நாட்டின் வீட்டோ இருக்கக் கூடாது, அங்கெல்லாம் பெரும்பான்மையே போதும் என்பது என் கருத்து.

அரசியலமைப்பைத் திருத்த, வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவில் உள்ள நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. 2024 மே தேர்தலில் அந்தத் திருத்தத்தை எதிர்த்த கட்சியே வென்றது. அதுவரை வட மாசிடோனியாவோடு சேர்த்தே நடத்தப்பட்ட அல்பேனியாவை அந்த ஆண்டு தனியாகப் பிரித்து, அக்டோபரில் அதனோடு மட்டும் பேச்சுவார்த்தையின் அடுத்த கட்டத்தைத் தொடங்கினார்கள்.