மகள் வீட்டுக்கு கலிஃபோர்னியா போகிறேன், கார் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கோவையில் இருக்கிறேன். முன்பு மாருதி 800, இப்போது ஸ்விஃப்ட் என்று பல வருடமாகக் கார் ஓட்டுகிறேன். மகளுக்கு இரண்டாவது பிரசவம். நானும் மனைவியும் ஐந்து மாதம் ஃப்ரீமாண்டில் போய்த் தங்கப் போகிறோம். ஐந்து வயதுப் பேத்தியைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வரவும், கடை கண்ணிக்குப் போய் வரவும் நான் வண்டி எடுத்தால் உதவியாக இருக்கும். "வேண்டாங்க மாமா, ஊபர் போட்டுக்கலாம்" என்கிறார் மாப்பிள்ளை. என் லைசென்ஸ் அங்கே செல்லுமா? எதையெல்லாம் கற்றுக்கொண்டு ஓட்ட வேண்டும்?

பதில்: ஓட்டலாம். ஆனால் வந்து இறங்கிய வாரமே வேண்டாம். முதல் ஓட்டத்தில் பேத்தியைப் பின்னால் உட்கார வைக்கவும் வேண்டாம். மாப்பிள்ளை தயங்குவதில் நியாயம் இருக்கிறது, நீங்கள் ஆசைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நான் இங்கே பே ஏரியாவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ். சுற்றுலா விசாவில் வரும் 18 வயது நிறைந்தவர், சொந்த நாட்டு லைசென்ஸ் காலாவதி ஆகாதவரை, கலிஃபோர்னியாவில் அதை வைத்தே ஓட்டலாம். இங்கேயே குடியேறுபவர்களுக்கு விதி வேறு, அவர்கள் பத்து நாளுக்குள் உள்ளூர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் உங்கள் கார்டில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள் என்பதால், இங்கே இருக்கும்போதே முடிந்துபோக வாய்ப்பு உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்டிஓ அலுவலகத்தில் பெறலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். கலிஃபோர்னியா அதைத் தனி லைசென்ஸாக ஏற்பதில்லை. ஆனாலும் வேறு மாநிலம் போனாலோ வாடகைக் கார் எடுத்தாலோ கேட்பார்கள். அசல் லைசென்ஸ் கூட இல்லாவிட்டால் அந்த அனுமதிப் புத்தகத்துக்கு மதிப்பில்லை.

காகிதம் சரி. இனி கை, கால்.

உங்கள் ஸ்விஃப்டில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். இங்கே தலைகீழ். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் வைப்பர் ஓடும். அதைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் சிரித்துக்கொண்டே இண்டிகேட்டர் போட மறப்பார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு. ஃப்ரீமாண்டில் டெஸ்லாவின் தொழிற்சாலையே இருக்கிறது, மகள் வீட்டிலும் அந்தக் கார் இருக்கலாம். அதன் சில மாடல்களில் இண்டிகேட்டருக்கு லீவரே கிடையாது, ஸ்டியரிங்கில் பட்டன்தான். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி நன்றாக வேகம் குறையும். வீட்டில் இரண்டு கார் இருந்தால் சாதாரணப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை எடுங்கள்.

அதைவிட ஆபத்தானது இடது கால். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இல்லை, பிரேக் பெடல் அகலமாக இருக்கும். சிக்னலை நெருங்கும்போது உங்கள் இடது கால் தானாகவே கிளட்சைத் தேடிப் போகும், கிளட்சை மிதிக்கும் அதே வேகத்தில் பிரேக்கை அழுத்தும். கார் அப்படியே நின்றுவிடும், பின்னால் வருபவர் வந்து இடிப்பார். அதனால் வண்டியில் ஏறியதும் இடது காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வரை அதற்கு வேலையே இல்லை.

ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் இன்னொன்றும் நடக்கும். காரின் முக்கால்வாசி அகலம் உங்களுக்கு வலப்பக்கத்தில் இருக்கும். பழைய கணக்கில் ஓட்டினால் கார் லேனுக்குள் வலப்பக்கமாக ஒதுங்கி, ஓரமாக நிற்கும் வண்டிகளின் கண்ணாடியை உரசும். பழகும்வரை நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் நெருங்கி ஓட்டுகிறோமோ என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் லேனின் நடுவில் இருப்பீர்கள். கண்ணாடி விஷயமும் உண்டு. அமெரிக்காவில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கும் குவிந்த கண்ணாடி அளவுக்கு அதில் அகலமாகத் தெரியாது. பக்கத்து லேனில் ஒரு கார் முழுதாக மறைந்திருக்கலாம். லேன் மாறும்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது இங்கே கட்டாயம்.

அப்புறம் எந்தப் பக்கம் ஓட்டுவது என்ற பெரிய கேள்வி. "வலது, வலது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவார்கள் பலர். ஒரு திருப்பம் வந்ததும் அது குழம்பிவிடும். ஓட்டுபவர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கோவையிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். இங்கே கோட்டின் நிறமும் உதவும்: எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிப்பது மஞ்சள், ஒரே திசையில் போகும் லேன்களைப் பிரிப்பது வெள்ளை. மஞ்சள் கோடு உங்கள் இடது தோள் பக்கம் இருந்தால் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள். வலது தோள் பக்கம் தெரிந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

இந்தத் தவறு எப்போது நடக்கும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நெரிசலான சாலையில் நடப்பது அபூர்வம், ஏனென்றால் முன்னால் போகும் கார் வழி காட்டும். முதல் சில நாளிலும் அவ்வளவாக நடக்காது. பயத்தில் கவனமாக இருப்பீர்கள். மூன்றாவது வாரம், காலை ஆறரை மணி, பால் வாங்கிக்கொண்டு கடையின் பார்க்கிங்கில் இருந்து ஆளில்லாத தெருவுக்குள் திரும்புகிறீர்கள். மனசு வீட்டில் இருக்கிறது. பார்க்கிங்குக்குள் கோடும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. அப்போது உடம்பு கோவைக்காரராகவே திரும்பும்.

2019 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் குரோட்டன் விமானப்படைத் தளத்துக்கு வெளியே நடந்தது இதன் மறுபக்கம். அந்நாட்டுக்கு வந்து சில வாரங்களே ஆன ஓர் அமெரிக்கப் பெண், தளத்தை விட்டு வெளியே வந்ததும் தன் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கமாகவே ஓட்டினார். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஹாரி டன் என்ற 19 வயது இளைஞர் மோதி இறந்தார். அந்தப் பெண்ணும் கார் ஓட்டத் தெரியாதவர் இல்லை. 2022-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே பார்க்கிங், பெட்ரோல் பங்க், வீட்டு வாசல், ஒருவழித் தெருவின் முடிவு, இந்த நான்கு இடங்களில் இருந்து வெளியே வரும்போது ஒரு நொடி நின்று, "மஞ்சள் எங்கே?" என்று வாய்விட்டே கேளுங்கள். பக்கத்தில் மனைவி இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். கேலியாகத் தோன்றலாம், ஆனால் பலன் தரும். திரும்பும்போது வலது திருப்பம் சின்ன வளைவு, இடது திருப்பம் பெரிய வளைவு. ஊரில் இடது பக்கம் சட்டென்று ஒடிப்பது போல இங்கே இடதுபக்கம் ஒடித்தால் எதிர் லேனில் போய் நிற்பீர்கள்.

சந்திப்புகளில் நம்மவர்கள் தடுமாறுவது நாலு பக்க ஸ்டாப் பலகையில். சிக்னல் இருக்காது, போலீஸ் இருக்காது, நாலு பக்கமும் சிவப்புப் பலகை மட்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. நிற்பது என்றால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். காந்திபுரத்தில் போல மூக்கை நுழைத்து இடம்பிடிக்கும் வித்தை இங்கே செல்லாது. அதே சமயம், எல்லோரும் போகட்டும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டே இருந்தாலும் குழப்பம்தான். உங்கள் முறை வந்தால் போய்விடுங்கள். ஒருவர் ஹெட்லைட்டை மின்னினால் இங்கே பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று பொருள். நம் ஊரில் "நான் வருகிறேன், ஒதுங்கு" என்பது. நீங்கள் இரண்டையுமே நம்பாமல் காரின் அசைவைப் பாருங்கள்.

நம் ஊர் ஃப்ரீ லெஃப்டுக்கு இங்கே இணை, சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்புவது. அனுமதி உண்டு, ஆனால் முழுதாக நின்று, இடப்பக்கம் வண்டி வருகிறதா, பாதசாரி இறங்குகிறாரா என்று பார்த்த பிறகுதான். கூடாது என்ற பலகையோ சிவப்பு அம்பு விளக்கோ இருந்தால் திரும்பவே கூடாது. இடப்பக்கம் திரும்பப் பச்சை அம்பு எரிந்தால் வழி உங்களுடையது. வட்டப் பச்சை என்றால் எதிரே வருபவர்கள் போன பிறகே திரும்ப வேண்டும். முதல் மாதம் அம்பு விளக்கு இருக்கும் சந்திப்பில் மட்டும் இடப்பக்கம் திரும்புகிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றுதான், போகட்டும்.

வேகப் பலகையில் இருப்பது மைல். குடியிருப்புத் தெருவில் 25 என்றால் சுமார் 40 கிலோமீட்டர், சிக்னல் இல்லாத விரைவுச்சாலையான ஃப்ரீவேயில் 65 என்றால் 105. ஃப்ரீவே உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பள்ளிக்கும் கடைக்கும் உள்தெருக்களே போதும். இன்டர்ஸ்டேட் 880-இல் லாரிகளுக்கு நடுவே போய்ச் சேர்வதை மாப்பிள்ளையுடன் ஒரு ஞாயிறு காலையில் பழகலாம். ஒன்றே ஒன்று: உள்ளே சேரும் பாதையிலேயே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும், அதன் முனையில் போய் நிற்கக் கூடாது.

பேத்தி விஷயத்தில் எந்தச் சலுகையும் இல்லை. எட்டு வயதுக்குள் உள்ள குழந்தை பின் இருக்கையில் கார் சீட்டிலோ, உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையிலோ பெல்ட் போட்டுத்தான் வர வேண்டும் (நாலடி ஒன்பது அங்குலம் வளர்ந்துவிட்டால் மட்டும் விதிவிலக்கு). பாட்டி மடியில் என்ற பேச்சே கிடையாது. அந்தக் கொக்கிகளை மாட்டுவது ஒரு கலை. காலைப் பரபரப்பில் கற்க முடியாது, முந்தின இரவே மகளிடம் கேட்டு இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். "அஞ்சே நிமிஷம், கொத்தமல்லி மட்டும்" என்று அவளைக் காரில் விட்டு இறங்கவும் கூடாது. ஆறு வயது வரையுள்ள குழந்தையை, எஞ்சின் ஓடும் அல்லது சாவி உள்ள காரில், 12 வயதாவது ஆன துணை இல்லாமல் விடுவது இங்கே சட்டப்படி தவறு. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், பின்னால் வருபவர் நிற்க வேண்டும். திசைக்கு ஒரு லேன் மட்டுமே உள்ள சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். விளக்கு அணையும் வரை அசையக் கூடாது.

பள்ளி விடும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணி. கோடையில் இங்கே பிற்பகல் இரண்டு என்றால் கோவையில் அதிகாலை இரண்டரை. வந்த புதிதில் உங்கள் உடம்பு அந்த நேரத்தில் தூங்கத்தான் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்காமல் சில நாள் தொடர்ந்து இருக்க முடிந்த பிறகே சாவியைத் தொடுங்கள். முதலில் விடுமுறை நாளில் காலிப் பார்க்கிங், பிறகு பள்ளி வழியில் மாப்பிள்ளையோடு, பிறகு தனியாக, கடைசியில் பேத்தியோடு. நடுராத்திரியில் மகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஓட்டத்தை மட்டும் நீங்கள் எடுக்கவே எடுக்காதீர்கள். மாப்பிள்ளை ஊரில் இல்லாவிட்டால் யார் வருவது என்று இப்போதே பேசி வையுங்கள், அவசரம் என்றால் 911.

பின்னால் போலீஸ் கார் சிவப்பு நீல விளக்கோடு வந்தால் வலப்பக்க ஓரத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் கீழே இறங்கிப் போய்ப் பேசுவதுதான் மரியாதை. இங்கே இறங்கினால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்து உட்கார்ந்திருங்கள். அவர் கேட்கும்வரை பையிலோ டேஷ்போர்டிலோ கைவிடாதீர்கள். கேட்டதும், லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது, எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். பணம் என்ற பேச்சை வாயிலேயே எடுக்க வேண்டாம், சிறைக்குப் போகும் குற்றம்.

இன்ஷூரன்ஸை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஊரில் எடுத்துவரும் பயண மருத்துவக் காப்பீடு, நீங்கள் இடித்துவிட்ட எதிராளிக்கு ஒரு டாலர்கூடத் தராது. அவர்களுடைய கார் பாலிசியில் உங்கள் பெயரை ஓட்டுநராகச் சேர்க்கச் சொல்லி, எழுத்தில் வாங்கி வையுங்கள். 2025 ஜனவரி முதல் இங்கே குறைந்தபட்சக் காப்பீடு ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்குமாகச் சேர்த்து 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000. இங்கத்திய ஆஸ்பத்திரிச் செலவுக்கும் புதுக் கார் விலைக்கும் அது போதாது. அந்தத் தொகையை உயர்த்திக்கொள்ளச் சொல்வேன்.

சின்ன உரசல் என்றாலும் அங்கேயே சமாதானம் பேசிப் போய்விடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எதிராளியின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் அட்டை, நம்பர் பிளேட் மூன்றையும் போட்டோ எடுங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள். யாருக்காவது காயமோ 1,000 டாலருக்கு மேல் சேதமோ இருந்தால், பத்து நாளுக்குள் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு எஸ்ஆர்-1 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். பம்பரில் ஒரு நசுங்கல் என்றாலே இங்கே அந்தத் தொகையைத் தாண்டிவிடும்.