பழுதுபார்க்க அனுப்பிய பொருளும் தென்னாப்பிரிக்கச் சுங்கமும்: வாசகர் கேள்விகள்

கே: மிருதங்கத்துக்குத் தோல் மாற்றச் சென்னைக்குக் கையோடு கொண்டுபோகிறேன். திரும்பும்போது வரி கேட்பார்களா? (பீனிக்ஸ்)

ப: கேட்காமலிருக்க வழி உண்டு. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்குமுன் சுங்க மேசையில் வாத்தியத்தைக் காட்டி, மறு இறக்குமதிக்குப் பதிவு செய்யுங்கள் (அந்தப் படிவத்தின் பழகிய பெயர் டிஏ 65). பதிவு இல்லாவிட்டால் இந்தியாவில் வாங்கியதாகவே சுங்கத்தார் எடுத்துக்கொள்ளலாம். அப்போது 5,000 ராண்ட் வரை விலக்கு, அடுத்த 20,000 ராண்டுக்கு 20 சதவீதம்.

கே: ஒரு சாமானை ரிப்பேருக்கு வெளிநாடு அனுப்பினால் எவ்வளவு வரி? (லெனேசியா)

ப: என்ன சாமான்? எந்த நாடு? என்ன விலை? மூன்றையும் எழுதாமல் பதில் கேட்டால் நான் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: அம்மாவின் வீணைக்கு மேளம் கட்ட (மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்க) தஞ்சாவூருக்கு கூரியரில் அனுப்பிவிட்டோம். அடுத்த வாரம் திரும்பி வருகிறது. முழு விலைக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கட்டச் சொல்கிறார்கள். இது நியாயமா? (சாட்ஸ்வொர்த்)

ப: அனுப்பியபின் கேட்கும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன, வருத்தமாக இருக்கிறது. தற்காலிக ஏற்றுமதி என்று போகும்போதே பதிவாகியிருந்தால், திரும்பும்போது பழுதுக்கூலியின்மேல்தான் வரி. வீணை 20,000 ராண்ட், கூலி 3,000 என்று வையுங்கள். வாட் கணக்கில் மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, அதில் 15 சதவீதம் எடுப்பார்கள். பதிவு இருந்தால் சுமார் 500 ராண்ட். இல்லையென்றால் 3,300.

போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. கேமராவில் சீரியல் நம்பர் இருக்கும், வீணையில் இருக்காது. ஆகவே யாளி முகம், குடம், சுரைக்காய், தண்டியில் உள்ள கீறல் எல்லாவற்றையும் அனுப்புமுன் படமெடுத்துக் கிளியரிங் ஏஜென்டிடம் (சுங்க வேலைகளைச் செய்துதரும் முகவரிடம்) கொடுக்கவேண்டும். இப்போது உங்களிடம் பழைய படம், அனுப்பிய கூரியர் ரசீது, பழுதுபார்த்தவர் பில் ஏதாவது இருந்தால் ஏஜென்ட் மூலம் உடனே சுங்கத்தில் முறையிடுங்கள். வரி குறையும் என்று உறுதி சொல்லமாட்டேன். தயவுசெய்து 'கிப்ட்' என்று எழுதச் சொல்லாதீர்கள்! பரிசு விலக்கு 1,400 ராண்ட் வரைதான். பொய் மதிப்பு எழுதினால் அபராதம், பறிமுதல் வரை போகும், வழியில் உடைந்தால் காப்பீடும் அந்தப் பொய்த் தொகைக்கே கிடைக்கும். தலைமுறை வாத்தியத்தை இருநூறு ராண்ட் என்று எழுத மனம் வருகிறதா?

கே: தாத்தா காலத்து வீணையில் தந்த வேலைப்பாடு உள்ளது. அனுப்பலாமா? (டோங்காட்)

ப: வேண்டாம். யானைத் தந்தம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது, இந்தியாவிலும் சட்டம் கடுமை. ஊரிலேயே செய்யக்கூடியவரைத் தேடுங்கள்.

கே: உத்தரவாதத்தில் இலவசமாகப் பழுதுபார்த்தார்கள். பில்லில் மதிப்பு பூஜ்யம் போடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: கூடாது. பொருளின் மதிப்பு ஒரு வரியில், கூலி 'இலவசம்' என்று தனி வரியில், உத்தரவாதச் சீட்டு கூடவே. பழையதை வைத்துக்கொண்டு புதிது அனுப்பினால் அது பழுதுபார்ப்பே அல்ல, ஏஜென்டிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கே: வாட் போக கூரியர்காரர் இன்னொரு தொகை கேட்கிறார். (வெருலம்)

ப: அது அரசு வரி இல்லை, உங்களுக்காக முன்பணம் கட்டியதற்கும் பேப்பர் வேலைக்கும் அவர்கள் வாங்கும் கட்டணம். அனுப்புமுன் விகிதத்தைக் கேட்டு வையுங்கள். இந்தியாவுக்குள் நுழையும்போது அங்கேயும் வரி விழலாம். பழுதுக்காக வந்து திரும்பும் பொருளுக்கு அங்கே விலக்கு உண்டு, ஆனால் அதற்கான பத்திரத்தை (பொருளைத் திருப்பி அனுப்புவதாக உறுதி தருவது) பட்டறைக்காரர் எழுதித் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். போகுமுன் பதிவு, போகுமுன் படம், இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கே: எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை பேட்டரியோடு அனுப்பலாமா? (சாட்ஸ்வொர்த்)

ப: லித்தியம் பேட்டரி என்றால் கூரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சுருதிப் பெட்டிக்குள்ளேயே பொருத்தியிருந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். தனி லித்தியம் அயன் பேட்டரியை 2016 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதில்லை.