குலைத்த வரிசையும் டெங்குவைக் குறைத்தால்: லிப்பிடை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) டெங்கு வைரஸுக்கு எதிராக, 20 நியூக்ளியோடைடு நீளமுள்ள பாஸ்போரோதயோயேட் ஆன்டிசென்ஸ் ஒலிகோ (வைரஸ் ஆர்என்ஏவோடு இணைந்து அதைத் தடுக்கும், எளிதில் சிதையாத சிறு டிஎன்ஏ துண்டு) ஒன்றைச் சோதித்து வருகிறேன். தனியாகக் கொடுத்தபோது பலன் இல்லை. அதே அளவை, செல்லுக்குள் கொண்டு செல்ல உதவும் நேர்மின் லிப்பிடுடன் (நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பு) கலந்து கொடுத்ததும் பிளேக் (வைரஸ் செல்களை அழித்த இடங்கள்) எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆனால் வைரஸோடு பொருந்தாதபடி வரிசை குலைத்த ஒப்பீட்டு ஒலிகோவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்துவிட்டது. வேறு லிப்பிடுக்கு மாறலாமா? (ஆய்வு மாணவர் ஒருவர்)

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். ஒலிகோ தனியாக எதையும் செய்யவில்லை. லிப்பிடோடு சேர்ந்தால் எந்த வரிசையானாலும் வைரஸ் குறைகிறது. ஆகவே சந்தேகம் முதலில் லிப்பிடின் மேல்தான் விழ வேண்டும். லிப்பிட் மட்டும் கொடுத்த குழுவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது.

நேர்மின் லிப்பிடுகள் செல் சவ்வைப் புண்படுத்தக் கூடியவை. நலிந்த செல் வைரஸையும் குறைவாகவே உற்பத்தி செய்யும் என்பதால், நச்சுத்தன்மை வெளிப்பார்வைக்கு மருந்தின் வெற்றியைப் போலவே தோன்றும். வைரஸ் சேர்க்காத செல்களிலும் இதே கலவைகளைக் கொடுத்து, 24, 48 மணி நேரங்களில் எம்டிடி சோதனை (செல்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் நிறச் சோதனை) செய்யுங்கள். மின்னூட்ட விகிதத்தையும் கணக்கிடுங்கள். 20 நியூக்ளியோடைடு ஒலிகோவில் 19 இணைப்புகள், அதாவது 19 எதிர்மின்னூட்டங்கள். 100 நானோமோலார் ஒலிகோ என்றால் 1.9 மைக்ரோமோலார் எதிர்மின்னூட்டம். மூலக்கூறுக்கு ஒரு நேர்மின்னூட்டம் கொண்ட டோட்டாப் போன்ற லிப்பிடை 3.8 மைக்ரோமோலார் சேர்த்தால் விகிதம் இரண்டுக்கு ஒன்று. ஒலிகோவைக் கூட்டாமல் லிப்பிடை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் ஆய்வகங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

இரண்டாவது சந்தேகம் டெங்குவுக்கே உரியது. இந்த வைரஸ் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பாரன் சல்பேட் என்ற எதிர்மின் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு ஒட்டுகிறது. நேர்மின்னூட்டம் மிகுந்த உங்கள் லிப்பிட் கலவையும் அங்கேதான் போய் அமர்கிறது. கலவையைக் கொடுத்த கையோடு வைரஸை ஊற்றினால், வைரஸுக்கு இடம் கிடைக்காமல் போயிருக்கலாம். ஒரு தட்டில் வைரஸை முதலில் ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, கழுவிய பிறகு கலவையைக் கொடுத்துப் பாருங்கள். குலைத்த வரிசையின் விளைவு அப்போது மறைந்தால், தடை மேற்பரப்பில்தான் நடந்திருக்கிறது. (மேற்பரப்பில் ஒட்டிய கலவையை, அதே வகைச் சர்க்கரைச் சங்கிலியான ஹெப்பாரின் கொண்டு கழுவுவோர் உண்டு, மிச்சம் இருக்கும் ஹெப்பாரினே டெங்குவைத் தடுத்துவிடும் என்பதால் அதன் பின் பலமுறை அலச வேண்டும்.)

இவற்றைத் தாண்டிய பிறகுதான் லிப்பிட் தன் வேலையைச் செய்கிறதா என்ற கேள்வி வருகிறது. லிப்பிட் எப்போதும் கட்டாயம் என்றில்லை: 1978இல் சமெக்னிக்கும் ஸ்டீபன்சனும் 13 நியூக்ளியோடைடு துண்டைக் கோழிக் கருச் செல்களின் ஊடகத்தில் சேர்த்தே ரவுஸ் சர்கோமா வைரஸைக் கட்டுப்படுத்தினார்கள், 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோமிவிர்சென் என்ற ஆன்டிசென்ஸ் மருந்து லிப்பிட் எதுவுமின்றி நேராகக் கண்ணுக்குள் செலுத்தப்பட்டது. ஆனால் உள்ளே நுழையும் ஒலிகோவில் பெரும்பகுதி, செல் வெளிப்பொருளை உள்ளிழுக்கும் சவ்வுப் பையான எண்டோசோமிலேயே சிக்கிக்கொள்கிறது. அந்தச் சவ்வைக் குலைத்து அதை வெளியே விடுவதுதான் லிப்பிடின் உண்மையான பயன். டோப் என்ற துணை லிப்பிடைச் சேர்ப்பதும் இதற்காகவே.

சாயமேற்றிய ஒலிகோவைக் கொண்டு உயிருள்ள செல்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உட்கருவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் ஒலிகோ இன்னும் அடைபட்டிருக்கிறது. உட்கரு முழுதும் பரவலாக ஒளிர்ந்தால் விடுபட்டுவிட்டது, ஏனெனில் சைட்டோபிளாசத்துக்கு வந்த ஒலிகோ தானாகவே உட்கருவுக்குள் சேர்ந்துவிடும். செல்களை ஃபார்மலினில் நிலைப்படுத்திப் பார்க்காதீர்கள், அதிலேயே ஒலிகோ இடம் மாறிவிடும். அமிலச் சூழலில் மங்கும் ஃபுளோரசீனுக்குப் பதில் சையனைன் சாயம் நல்லது. புள்ளிகள் மட்டுமே தெரிந்தால், அப்போது லிப்பிடை மாற்றுங்கள்.

உட்கரு ஒளிர்ந்தும் இலக்கு வரிசைக்குத் தனிப் பலன் இல்லையென்றால் குறை, வைரஸ் ஆர்என்ஏவில் நீங்கள் தேர்ந்த இடத்தில் இருக்கலாம். டெங்கு தன் ஆர்என்ஏவைச் சவ்வுப் பைகளுக்குள் மறைத்துப் பெருக்குவதால், ஒலிகோ முன்கூட்டியே செல்லுக்குள் இருப்பது நல்லது. அந்த ஆர்என்ஏவின் தொடக்கமான 5 பிரைம் முனையை முதலில் முயலுங்கள். அதற்காக மார்ஃபோலினோ என்ற வேறு ஒலிகோ வகைக்கு மாறுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதற்கு மின்னூட்டம் கிடையாது, இப்போதைய லிப்பிடோடு அது சேரவே சேராது.