விதைக்குச் சூடு, முளைக்கு வெளிச்சம்: ரொறன்ரோவில் கத்தரி, மிளகாய்க் கன்று போடுவது எப்படி?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம், சின்னதாய் ஒரு பின்வளவு உண்டு. போன வருடம் மார்ச் தொடக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை ஒரு தட்டில் போட்டு யன்னலோரம் வைத்தேன். தக்காளி முளைத்தது, ஆனால் நூல் மாதிரி நீண்டு, ஒரு கிழமைக்குள் அடித்தண்டு கருகிச் சரிந்துவிட்டது. கத்தரியும் மிளகாயும் முளைக்கவே இல்லை. ஊர் வகைப் பாவல், சிறகவரை விதைகளும் கைவசம் இருக்கின்றன. இந்த வசந்தத்தில் எதை எப்போது போடலாம்? பேசாமல் கன்று வாங்கி நடுவதுதான் புத்தியா?

பதில்: உங்கள் விதை கெட்டுப்போயிருந்தது என்று நான் நினைக்கவில்லை. தக்காளி முளைத்து மற்ற இரண்டும் முளைக்காமல் விட்டதே காரணத்தைச் சொல்கிறது. தக்காளி 20 டிகிரியில் முளைத்துவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மண்கலவை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் கத்தரி ஏழு முதல் பத்து நாளிலும், மிளகாய் எட்டு முதல் பதினான்கு நாளிலும் தலை காட்டும். 18 டிகிரியில் வைத்தால் வாரக்கணக்கில் ஈரத்துக்குள் கிடந்து, பாதி விதை அழுகிவிடும்.

வீட்டுக்குள் 21 டிகிரி வைத்திருக்கிறோமே என்று கேட்பீர்கள். அது அறையின் சூடு. ஈரமான கலவையிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது அறையைவிட எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும். மார்ச் மாத இரவில் யன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், அங்கே என்ன குளிர் என்று தெரியும். விதைக்கு அந்த இடம் சரிவராது.

முளைக்கும் வரை விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, சூடு மட்டும் போதும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கன்றுத்தட்டுக்கு அடியில் வைக்கும் சூட்டுப்பாய் தோட்டக்கடைகளில் கிடைக்கிறது. வருடா வருடம் கன்று போடுகிறவர்கள் அதை வாங்குவது நல்லது. வாங்க மனமில்லையென்றால் பேஸ்மென்டில் ஃபர்னஸ் அருகே ஒரு தட்டு, அல்லது குளிர்சாதனப் பெட்டியின் மேல்பக்கம். புதிய பெட்டிகள் பலவற்றில் மேல்பக்கம் சூடாவதில்லை, ஆகவே தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். தட்டை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடிவிட்டால் ஈரம் நிற்கும்.

கொஞ்ச விதைதான் இருக்கிறது என்றால் எனக்குப் பிடித்த முறை ஈரத்தாள். குசினித்தாளை நனைத்து நன்றாகப் பிழிந்து, பத்து விதையைப் பரப்பி மடித்து, ஒரு ஸிப் பையில் போட்டு, சூடான இடத்தில் வைத்துவிடுங்கள். நாலாம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் திறந்து பார்க்கலாம். ஒரு நாள் மிளகாய் விதையின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு முனை எட்டிப் பார்க்கும். மறுநாள் அது வளைந்து கீழே தேடும். வெளியே பனி குவிந்து கிடக்கிற காலையில் இதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே விதை போடலாம் என்று மனதார நம்புகிறேன். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேர் அரை சென்டிமீட்டர் வந்ததும் விதைத்தோலைப் பிடித்து எடுத்து (வேரைத் தொட வேண்டாம்) கலவையில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். இந்த முறையில் விதையின் தரமும் தெரிந்துவிடும்: பத்தில் மூன்றுதான் முளைக்கிறது என்றால் விதை பழசு, கூடப் போட வேண்டும். மிளகாய் விதை இரண்டு மூன்று வருடம்தான் நன்றாக முளைக்கும். கத்தரியும் தக்காளியும் நாலு வருடம்வரை தாங்கும்.

அடுத்தது, தக்காளி ஏன் நூலாகியது என்பது. மண்ணுக்குள் இருக்கிற முளை இருட்டில் தண்டை மட்டும் நீட்டிக்கொண்டே மேலே வரும், அதன் இயல்பு அது. வெளிச்சம் பட்டதும்தான் நீட்டுவதை நிறுத்தி இலையை விரிக்கும். வெளிச்சம் போதாவிட்டால் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறோம் என்ற கணக்கில் நீண்டுகொண்டே போகும். மார்ச் கடைசியில் ரொறன்ரோவில் பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சூரியன் தாழ்வாகப் போகிறது, பாதி நாள் மப்பும் மந்தாரமுமாய் இருக்கும், யன்னலில் ஒரு பக்கத்தால் மட்டுமே வெளிச்சம் வரும். அறையின் சூடு அந்த நீட்டலை இன்னும் துரிதப்படுத்தும்.

ஆகவே முளை வந்தபின் செய்ய வேண்டியது எல்லாம் நேர்மாறு. மண்ணுக்கு மேலே வளைந்த தண்டு தெரிகிற அன்றைக்கே மூடியை எடுத்துவிடுங்கள், சூட்டுப்பாயை நிறுத்துங்கள், தட்டை வெளிச்சத்துக்கு அடியில் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், அந்த ஒரு நாளில் நீண்டது நீண்டதுதான். விலைகூடிய 'வளர்ப்பு விளக்கு' அவசியமில்லை. வாகனக் கொட்டகையில் மாட்டுகிற சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழல்விளக்கு போதும். ஆனால் அது கன்றின் தலைக்கு மேலே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தொங்க வேண்டும், கன்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். கூரையில் எரிகிற விளக்கால் எந்தப் பயனும் இல்லை. தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், ஒரு டைமர் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. இரவில் இருட்டு வேண்டும். அறை 18 முதல் 21 டிகிரி இருந்தால் கன்று குட்டையாய், தடித்து வளரும்.

அடித்தண்டு கருகிச் சரிந்தது நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் ரைசொக்டோனியா போன்ற பூஞ்சைகளும், பித்தியம் போன்ற பூஞ்சையை ஒத்த கிருமிகளும் செய்கிற வேலை அது. குளிர்ந்த ஈரமும் அசையாத காற்றும் அவற்றுக்குக் கொண்டாட்டம். சரிந்த கன்றைக் காப்பாற்ற வழியில்லை, வராமல்தான் பார்க்க வேண்டும். வளவு மண்ணைத் தட்டில் போடாதீர்கள். கன்று போடுவதற்கென்றே விற்கிற, பீட் (மக்கிய சதுப்புநிலப் பாசி) அல்லது தும்புத்தூளும் பெர்லைட்டும் (பாரமில்லாத வெள்ளைக் கல் துகள்) கலந்த கலவையை வாங்குங்கள். போன வருடத் தட்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிளீச் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் விட்டு, அரை மணி நேரத்தில் கலவை உறிஞ்சியதுபோக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல்பக்கம் காயத் தொடங்கியபிறகுதான் அடுத்த தண்ணீர். சின்ன விசிறி ஒன்றை மெதுவாய் ஓடவிட்டால் பூஞ்சையும் அண்டாது, அசைந்து அசைந்து தண்டும் உரமாகும்.

சில மிளகாய்க் கன்றுகள் விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே மேலே வந்து இலையை விரிக்க முடியாமல் நிற்கும். பிடித்து இழுக்க வேண்டாம், இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு துளி தண்ணீரை அதன்மேல் விட்டுச் சில மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும்.

முதல் வருகிற இரண்டு இலைகள் விதைக்குள்ளேயே இருந்தவை. அவற்றில் சேமித்த சத்து கொஞ்ச நாளைக்குப் போதும், உரம் வேண்டாம். அடுத்து வருகிற மெய்யான இலை இரண்டும் விரிந்ததும் தனித்தனிச் சட்டிக்கு மாற்றி, திரவ உரத்தைச் சொன்ன அளவில் கால்வாசியாகக் கரைத்துக் கிழமைக்கு ஒருமுறை கொடுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் கன்றே போய்விடும். தக்காளி கொஞ்சம் நீண்டுவிட்டாலும் கவலை இல்லை: இலைக்குக் கீழேவரை ஆழமாய்ப் புதைத்தால் புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தச் சலுகை அவ்வளவாக இல்லை.

சரி, எதை எப்போது போடுவது? ரொறன்ரோப் பக்கத்தில் மே நடுப்பகுதிவரை உறைபனிக்கு இடமுண்டு. அதனால்தான் மே 25க்கு முந்திய திங்களில் வருகிற விக்டோரியா தினத்தை ஒட்டி எல்லோரும் நடுகிறார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாயும் கத்தரியும் எட்டு முதல் பத்து கிழமை முன்பு, அதாவது மார்ச் நடுப்பகுதி. தக்காளி ஆறு முதல் எட்டுக் கிழமை, மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம் போதும். நீங்கள் போன வருடம் தக்காளியை ஒரு மாதம் முந்திவிட்டீர்கள். முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும் என்பது இங்கே நடக்காது, சட்டிக்குள் வேர் சுற்றி ஏங்கிப்போன கன்றுதான் மிஞ்சும்.

பாவல், புடோல் விதைகளை ஏப்ரல் கடைசிவரை தொட வேண்டாம். கொடிகள் மூன்று நாலு கிழமையில் நடுகிற அளவுக்கு வந்துவிடும், வேரைக் குழப்பினால் பிடிக்காது. ஒரு சட்டிக்கு ஒரு விதை போடுங்கள். பாவல் விதையின் ஓடு கெட்டி. கூரான முனையில் நகவெட்டியால் சிறிதாக நறுக்கி (உள்ளே இருக்கிற பருப்பில் படக்கூடாது), இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, 30 டிகிரிக்குக் கிட்ட வைத்தால் நன்றாக வரும். வெண்டிக்கும் ஓர் இரவு ஊறல் உதவும். அதை மே தொடக்கத்தில் சட்டியில் போடலாம், அல்லது மண் 20 டிகிரி தாண்டிய பிறகு ஜூனில் நேரே நிலத்தில். ஒன்ராறியோவில் இவை நன்றாக விளையும். நயாகராப் பக்கத்திலுள்ள வைன்லண்ட் ஆய்வு நிலையம் வெண்டியையும் நீளக் கத்தரி, உருண்டைக் கத்தரி வகைகளையும் இங்கே வணிகப் பயிராக வளர்ப்பது பற்றி ஆராய்ந்திருக்கிறது.

உங்கள் சிறகவரை பற்றி வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும்: அது கொடி படர்ந்து பந்தலை மூடும், ஆனால் காய் தராது. ஊர் வகைச் சிறகவரை பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். பகலின் நீளம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இறங்கி, கொடி பூ வைக்கத் தொடங்கும்போது செப்டெம்பர் கடைசியாகிவிடும், ஒக்டோபரில் உறைபனி வந்துவிடும். ஊர் அவரை வகைகள் பலவற்றுக்கும் இதே கதைதான். கொடி செழிப்பாய் இருக்கிறதே, உரம் போதவில்லையோ என்று பலர் உரத்தைக் கொட்டுகிறார்கள், அதனால் இலைதான் கூடும். அந்த இடத்தில் பயிற்றை போடுங்கள். இங்குள்ள விதைக்கடைகளில் விற்கிற வகைகள் நீண்ட பகலிலும் பூக்கின்றன. ஊரிலிருந்து இன்னும் விதை எடுப்பிக்கிற எண்ணம் இருந்தால், எந்த விதைக்கு என்ன அனுமதி என்று கனேடிய உணவுப் பரிசோதனை முகவரகத்தின் விதிகளை முதலில் பாருங்கள்.

நடுவதற்கு முன்னே ஒரு கிழமை, பத்து நாள் கன்றுகளைப் பழக்க வேண்டும். விளக்கொளியில் வளர்ந்த இலைக்கு வெயில் தெரியாது, முதல் நாளே வெயிலில் வைத்தால் வெளுத்து எரிந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, காலை வெயில் கொஞ்சம், கடைசி இரண்டு நாள் இரவும் வெளியே. கத்தரி, மிளகாயை நிலத்தில் வைக்க இரவுக் குளிர் 12 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வர வேண்டும். விக்டோரியா தினம் வந்துவிட்டது என்பதற்காக நட்டுவிடாதீர்கள். சில வருடம் ஜூன் முதல் கிழமைவரை பொறுத்தவர்களின் கத்தரிதான் முந்திக் காய்க்கிறது, குளிரில் ஒருதரம் முடங்கிய கன்று தேற நீண்ட நாள் எடுக்கும்.

கன்று வாங்கலாமா என்ற கேள்விக்கு: தக்காளிக் கன்று தாராளமாய் வாங்குங்கள், நல்ல வகைகள் கிடைக்கின்றன. கத்தரியில் பெரிய கடைகளில் இருப்பது பெரும்பாலும் குண்டான கறுப்புக் கத்தரிதான். பால்கறிக்கு ஏற்ற இளம் பச்சை, வரிக் கத்தரி வேண்டுமென்றால் விதைதான் வழி. மிளகாயும் அப்படியே. ஆகவே இந்த வருடம் உங்கள் விளக்கின் கீழே உள்ள இடத்தைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாவலுக்கும் கொடுங்கள்.

அதுவரை கை சும்மா இருக்காது என்றால் வெந்தயமும் கொத்தமல்லியும் இருக்கின்றன. ஏப்ரல் நடுப்பகுதியில், மண் கையில் ஒட்டாமல் உதிர்கிற பதத்துக்கு வந்ததும், நேரே வளவில் தூவலாம். இரண்டுக்கும் குளிர் பிடிக்கும், ஜூலை வெயிலில்தான் கொத்தமல்லி பூத்துப்போகும். மல்லியை உள்ளங்கையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து போடுங்கள், ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கிறது. மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒரு பிடி தூவிக்கொண்டு வந்தால், கத்தரி நிலத்துக்குப் போகிற நேரத்தில் கறிக்குப் போட இலை இருக்கும்.