பழைய கட்டடக்கலை இதழ்களில் கட்டுரை தேடுவது எப்படி?

கேள்வி: கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லூயி கான் வடிவமைத்த டாக்கா நாடாளுமன்றக் கட்டடத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். அது கட்டப்பட்ட காலத்தில் இதழ்களில் வந்த கட்டுரைகளைப் படித்துவிட்டு வரச் சொல்கிறார் ஆசிரியர். பல்கலைக்கழக நூலகத் தளத்தில் தேடினால் அரசியல், பொருளாதாரம் என்று சம்பந்தமில்லாதவை ஆயிரக்கணக்கில் வருகின்றன. வடிகட்டினால் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: நூலகத் தளத்தின் முகப்பில் இருக்கும் பொதுத் தேடல் பெட்டியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட பெட்டி அது. கட்டடக்கலை இதழ்களில் பாதிப் பக்கங்கள் படமும் வரைபடமும்தான். பழைய இதழ்கள் பல இன்னும் அச்சில் மட்டுமே இருக்கின்றன. நான்கு பக்கக் கட்டுரைக்கு எழுதியவர் பெயரே போடாமல் விட்டிருப்பார்கள். இப்படிப்பட்டவற்றைப் பொதுப் பெட்டி எளிதில் தவறவிட்டுவிடும்.

நீங்கள் போக வேண்டிய இடம் ஏவரி இண்டெக்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி கட்டடக்கலை நூலகத்தில் 1934-ல் தொடங்கிய, இதழ்க் கட்டுரைகளின் அட்டவணை இது. உங்கள் நூலகத்தின் தரவுத்தளப் பட்டியலில் கட்டடக்கலை என்ற துறையின் கீழ் பாருங்கள். சந்தா கட்டியிருந்தால் அங்கே இருக்கும். வீட்டிலிருந்து பார்ப்பதானால் நூலகத் தளம் வழியாகவே உள்நுழையுங்கள். சந்தா இல்லையென்றால், லண்டனில் உள்ள ரீபா (பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச கழகம்) நூலகத்தின் இணையப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதிலும் இதழ்க் கட்டுரைகள் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன.

ஏவரியில் பெரும்பாலும் கட்டுரை கிடைக்காது, கட்டுரையின் விவரம்தான் கிடைக்கும்: எந்த இதழ், எந்த மாதம், எந்தப் பக்கம் என்று. முழுக் கட்டுரை திறக்கவில்லையே என்று பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அந்த விவரம் கைக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது. தரைத்தள வரைபடம், வெட்டுத்தோற்றம் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடம்) இருக்கிறதா என்பதைக்கூடப் பல பதிவுகளில் குறித்திருப்பார்கள். ஆய்வுக்கு அதைவிட உதவியான குறிப்பு இல்லை. வெறும் புகைப்படக் கட்டுரைகளை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர், அதாவது கட்டுரை எழுதியவர், என்ற கட்டத்தில் கானின் பெயரைப் போட்டால், அவரே எழுதியவைதான் வரும். அவர் கட்டியவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதியது வேண்டுமானால், பொருள் (சப்ஜெக்ட்) என்ற கட்டத்தில் அவர் பெயரைப் போட வேண்டும்.

அப்புறம், பெயர்கள். உங்கள் கட்டடத்துக்கு இது பெரிய விஷயம். கானிடம் இந்தப் பணி 1962-ல் வந்தபோது அது கிழக்குப் பாகிஸ்தான். பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகரம் என்ற திட்டமாகத்தான் அன்றைய இதழ்கள் அதைக் குறிப்பிட்டன. வங்கதேசம் பிறந்தது 1971-ல். நகரத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் 1982-ல் மாறியது. அதற்கு முன் இரண்டு 'சி' போட்டு எழுதினார்கள், இப்போது 'டி'யை அடுத்து 'எச்', பிறகு ஒரு 'கே'. இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துத் தேடினால், உங்கள் ஆசிரியர் கேட்கும் காலத்துக் கட்டுரைகளே நழுவிப் போகலாம். ஆகவே இரண்டு எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். கட்டடம் இருக்கும் பகுதியான ஷேர்-எ-பங்களா நகர், கட்டடத்தின் வங்காளப் பெயரான ஜாதிய சங்சத் பவன் ஆகிய பெயர்களிலும் தேடுங்கள். ஆண்டுகளையும் பிரித்துப் பாருங்கள்: வடிவமைப்பு நடந்த 1960-கள், கான் இறந்த 1974-ஐ ஒட்டிய காலம், கட்டடம் முடிந்த 1980-களின் தொடக்கம், ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்த 1989.

சரி, விவரம் கிடைத்துவிட்டது. கட்டுரைக்கு எங்கே போவது? இப்போது நூலகப் பட்டியலுக்கு வாருங்கள். அங்கே தேட வேண்டியது இதழின் பெயரை, கட்டுரையின் தலைப்பை அல்ல. ஏ பிளஸ் யூ (ஆர்க்கிடெக்சர் அண்ட் அர்பனிசம்) போன்ற இதழ்களைக் கூட்டல் குறியோடு தேடினால் பட்டியல் குழம்பிவிடும். முழுப்பெயரைப் போடுங்கள், ஒவ்வொரு இதழுக்கும் தனியாக உள்ள ஐஎஸ்எஸ்என் எண் தெரிந்தால் இன்னும் நல்லது. பெயர் மாறிய இதழ்களும் உண்டு. பென்சில் பாயின்ட்ஸ் என்று வந்த இதழ்தான் 1940-களில் ப்ராக்ரெசிவ் ஆர்க்கிடெக்சர் ஆனது. அலமாரியில் இரண்டும் தள்ளித்தள்ளி இருக்கலாம்.

பட்டியலில் அச்சுப் பிரதி இருப்பதாகக் காட்டினால் கட்டாயம் நேரில் போங்கள். கட்டுப்போட்ட தொகுதியைப் பிரித்து, உங்கள் கட்டுரைக்கு முன்னும் பின்னும் என்ன வெளியாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கட்டடம் அதன் காலத்தில் எவற்றோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது என்பது அந்தப் பக்கங்களில் தெரியும். கட்டுரையை மட்டும் பிடிஎஃப்-ஆக இறக்கினால் இது கிடைக்காது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். மிமார் என்ற இதழ் 1981 முதல் 1992 வரை வந்தது. வளரும் நாடுகளின் கட்டடக்கலைதான் அதன் அக்கறை. அது ஆர்க்நெட் தளத்தில் இருக்கிறது. ஆர்க்கிடெக்சரல் ஃபோரம் போன்ற பழைய அமெரிக்க இதழ்களை யூஎஸ்மாடர்னிஸ்ட் தளம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. கட்டடக்கலை வரலாற்று ஆய்விதழ்களுக்கு ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளம் போதும்.

எங்கும் கிடைக்காவிட்டால், நூலகங்களுக்கு இடையிலான இரவல் சேவையில் கேளுங்கள். வேறொரு நூலகத்திலிருந்து அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து தருவிப்பார்கள். சில நாள் ஆகலாம் என்பதால், ஆய்வைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். இதழ், தொகுதி, மாதம், பக்கம் நான்கையும் ஏவரியில் இருப்பதுபோல அப்படியே எழுதிக் கொடுங்கள். வரைபடங்கள் வேண்டும், வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், மடிந்து விரியும் தாள் இருந்தால் அதையும் சேருங்கள் என்று குறிப்பிடுங்கள். சொல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில், நடுமடிப்பில் கோடுகள் மறைந்து வந்து சேரலாம்.