பழைய செதுக்குப்படம் (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம்) 18-ஆம் நூற்றாண்டு அசலா, பிற்கால நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நியூட்டன், பெஞ்சமின் பிராங்க்ளின் படங்களில் இந்தக் குழப்பம் வரும். அடியில் "1763" என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டனில் 1735 சட்டப்படி, வெளியிட்ட தேதியைத் தகட்டிலேயே பொறித்தால்தான் அன்று பதிப்புரிமை கிடைத்தது. அதே தகட்டை நூறு வருஷம் கழித்து அச்சடித்தாலும் அதே தேதிதான் விழும்.

முதலில் 10 மடங்கு லென்ஸ் வைத்துக் கன்னத்து நிழலைப் பாருங்கள். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் (புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் முறை), அதாவது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன் வாய்ப்பில்லை. தகட்டில் புள்ளி குத்தி நிழல் காட்டும் ஸ்டிப்பிள் முறையிலும் புள்ளிதான். ஆனால் கையால் குத்தியது என்பதால் அளவும் இடைவெளியும் மாறும்.

செம்பில் உளியால் கீறிய கோடு மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் தடித்து, ஊசிமுனையாக முடியும். அமிலம் அரித்த கோட்டின் நுனி மழுங்கியிருக்கும். நியூட்டனின் பிரின்சிபியா நூலின் மூன்றாம் பதிப்புக்கு (1726) ஜார்ஜ் வெர்ட்யூ செதுக்கிய நியூட்டன் உளிக்கோட்டு வேலை.

1763-இல் எட்வர்ட் ஃபிஷர் செய்த பிராங்க்ளின் வேறு ரகம், மெசோடின்ட். பல் வைத்த ராக்கர் என்ற கருவியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை பூசி அச்சடித்தால் முழுக் கறுப்புதான் வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி மெருகேற்றுவார்கள். இந்தச் சொரசொரப்பு சீக்கிரம் தேயும்; முதல் பிரதிகளில் வெல்வெட் கறுப்பு, கடைசியில் வெறும் சாம்பல். அதனால் மங்கலாக இருந்தாலே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். விலைதான் குறையும்.

அடுத்து தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுமார் 2.5 செ.மீ. இடைவெளியில், தாள் வார்த்த சல்லடையின் கம்பித் தடமும் அதற்குக் குறுக்கே நெருக்கமான வரிகளும் தெரிய வேண்டும். வரியில்லாத வோவ் தாளை ஐரோப்பிய அச்சில் ஆங்கில அச்சாளர் பாஸ்கர்வில் கொண்டுவந்ததே 1757-இல். வெர்ட்யூவின் நியூட்டன் வோவ் தாளில் இருந்தால் அது 1726 பிரதி அல்ல.

ஓரத்தில் அமுங்கிய தகட்டுத் தடம் இருக்கிறதே என்று ஏமாறுபவர்கள் நிறைய. ஈரத்தாளை உருளை அச்சில் அழுத்துவதால் வருவது அது. புகைப்படத்திலிருந்து தகடு செய்யும் போட்டோகிராவ்யூரிலும் வரும், சும்மா அழுத்தியும் வைப்பார்கள். ஆல்பத்தில் ஒட்டுவதற்காக ஓரம் வெட்டிய அசலில் தடமே இருக்காது.

பிராங்க்ளினோ நியூட்டனோ, முகம் திரும்பியிருக்கும் பக்கத்தை அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிடுங்கள். அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் இடம் வலமாகிவிடும். தகட்டுத் தடத்தையும் அளந்து பாருங்கள். ஈரத்தாள் காயும்போது சுருங்கும் என்பதால் ஓரிரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை.